டிஜிட்டல் வணிகமும் இரண்டு வேலிகளும்

முன்னுரை

துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து பார்க்கிறார். வரி கட்டியபின் சரக்கு ஊருக்குள் வருகிறது. அயல்நாட்டு வணிகம் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது இக்காட்சியே. பொருளியல் வகுப்பில் நாம் படிக்கும் சுங்கவரி, இறக்குமதி ஒதுக்கீடு முதலிய தடைகள் யாவும் இக்காட்சியை ஒட்டி எழுந்தவையே.

ஆனால், சென்னையில் எழுதப்பட்ட ஒரு மென்பொருள் இன்று லண்டனுக்குச் செல்லக் கப்பலும் வேண்டா, பெட்டியும் வேண்டா. கம்பி வழியே கண நேரத்தில் சென்றுவிடுகிறது. 1998-இல் ஜெனீவாவில் கூடிய உலக வணிக அமைப்பின் உறுப்பு நாடுகள், இவ்வாறு மின்வழியே செல்வனவற்றுக்குச் சுங்கவரி விதிப்பதில்லை என்று முடிவு செய்தன. பின்னர் அம்முடிவைப் பலமுறை நீட்டித்தும் வந்தன. அப்படியானால் டிஜிட்டல் வணிகத்துக்குத் தடையே இல்லையா? உண்டு. மதில் இல்லாத தோட்டத்துக்கு வேலி இருப்பது போல, சுங்கவரி இல்லாத இவ்வணிகத்துக்கு இரண்டு வேலிகள் உள்ளன. ஒன்று அறிவுசார் சொத்துரிமைச் சட்டம். மற்றொன்று அரசுக் கொள்முதல் விதி. இவ்விரண்டும் வணிகத்தை எவ்வாறு வளைக்கின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் வேலி: சொத்துரிமை

மென்பொருளை ஒருவன் உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகலாம். அதைப் படியெடுக்க ஒரு நிமிடம் போதும். ஆகவே சட்டம் காவல் நிற்காவிட்டால் அதை விற்க யாரும் முன்வரமாட்டார்கள். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பட்டு, கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்புக்கு நிகரான காப்பைப் பெற்றது. 1994-இல் வந்த திருத்தம் இதனை மேலும் வலுவாக்கியது. திருட்டுப் படி என்று அறிந்தே அதைக் கணிப்பொறியில் பயன்படுத்துவோருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

பதிப்புரிமை வேறு, காப்புரிமை வேறு. இந்த வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். பதிப்புரிமை, எழுதிய வடிவத்தைக் காக்கிறது, கருத்தைக் காப்பதில்லை. ஒருவர் எழுதிய கணக்குப் பதிவு நிரலைப் படியெடுத்தல் குற்றம். ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறொரு நிரலை நீங்களே சொந்தமாக எழுதினால் குற்றமில்லை. காப்புரிமையோ கண்டுபிடிப்பையே வளைத்துக் கொள்கிறது. தானாகவே அதைக் கண்டறிந்தவரும் பயன்படுத்த இயலாது.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் 2002-இல் செய்யப்பட்ட திருத்தம், கணிப்பொறி நிரல் தன்னளவில் கண்டுபிடிப்பாகாது என்று கூறியது. 2004-ஆம் ஆண்டின் இறுதியில் பிறப்பிக்கப்பட்ட அவசரச் சட்டம், தொழில்நுட்பப் பயன்பாடுள்ள நிரல்களுக்குக் காப்புரிமை வழங்க வழி திறந்தது. ஆயினும், 2005-இல் நாடாளுமன்றம் அந்த வாசகத்தை ஏற்கவில்லை. சிறு நிரலாளருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. பெரும் நிறுவனங்களின் காப்புரிமைக் குவியலைக் கண்டு அஞ்சாமல் அவர் தம் பொருளை எழுதி விற்கலாம். ஆனால் அதே சட்டம், நம்மவர் ஒருவர் புதியதொரு முறையைக் கண்டறிந்தால் அதற்கும் முழுக் காப்பு அளிப்பதில்லை. வேலி எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தே யாருக்கு நிழல், யாருக்கு வெயில் என்பது அமைகிறது.

சொல்லின் பொருள் வணிகத்தை ஆட்டிவைத்த கதை

சொத்துரிமை பற்றிய ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதே கோடிக்கணக்கான ரூபாயை முடிவு செய்துவிடும். இதற்கு இரண்டு தீர்ப்புகள் சான்றாகும்.

கடையில் வாங்கும் மென்பொருள் சரக்கா, அன்றா? டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்துக்கும் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் இடையே எழுந்த வழக்கில், வட்டில் பதிந்து விற்கப்படும் மென்பொருள் சரக்கே என்றும், அதற்கு விற்பனை வரி உண்டு என்றும் உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது.

அடுத்த வினா இதைவிடக் கடினமானது. வெளிநாட்டு நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கி இங்குள்ளவர் செலுத்தும் தொகை, ஒரு பொருளின் விலையா, பதிப்புரிமையைப் பயன்படுத்துவதற்கான உரிமைத் தொகையா? உரிமைத் தொகை என்றால் இந்தியாவில் வருமானவரி பிடித்தம் செய்ய வேண்டும். விலை என்றால் வேண்டா. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இவ்வழக்குகள் நடந்தன. 2021 மார்ச் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இதற்கு முடிவு கூறியது. மென்பொருளின் ஒரு படியை வாங்குபவர் பதிப்புரிமையை வாங்குவதில்லை. ஆகவே அத்தொகை உரிமைத் தொகையன்று என்பது தீர்ப்பு. நூலகத்துக்குப் புத்தகம் வாங்கும் நாம் அந்நூலின் பதிப்புரிமையை வாங்கிவிடுவதில்லை அன்றோ! இத்துணை எளிய உண்மையை நிலைநாட்ட அத்தனை ஆண்டுகள் ஆயின. அதுவரை வணிகர் ஒவ்வொருவரும் ஐயத்தோடுதான் ஒப்பந்தம் எழுதினர். உறுதியற்ற விதியும் ஒருவகை வரியே.

இரண்டாம் வேலி: அரசு என்னும் பெரிய வாடிக்கையாளர்

எந்த நாட்டிலும் கணிப்பொறியும் மென்பொருளும் வாங்குவோருள் முன்னிற்பது அரசு. பள்ளி, மருத்துவமனை, கருவூலம், இரயில்வே எல்லாம் வாங்குகின்றன. 1947-இல் உருவான காட் உடன்படிக்கை, அயல்நாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்குக்கு நிகராக நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆனால் அதன் 3-ஆம் விதியே, அரசு தன் தேவைக்கு வாங்குவனவற்றுக்கு விலக்கும் அளித்தது. சேவை வணிக உடன்படிக்கையிலும் அதே விலக்கு உண்டு. அதாவது, கடைத்தெருவில் வேற்றுமை காட்டலாகாது. தன் வீட்டுக்கு வாங்கும்போது காட்டலாம்.

இவ்விலக்கைக் குறைக்க எழுந்ததே அரசுக் கொள்முதல் உடன்படிக்கை. இது 1996-இல் நடைமுறைக்கு வந்தது. விரும்பும் நாடுகள் மட்டுமே இதில் சேரலாம். இந்தியா 2010 முதல் இதில் பார்வையாளராக உள்ளது, உறுப்பினராகவில்லை.

சீனத்தின் அனுபவம்

இரண்டு வேலிகளையும் ஒன்றாகப் பின்னினால் என்ன ஆகும் என்பதைச் சீனம் காட்டியது. 2009 நவம்பரில் அந்நாட்டு அமைச்சகங்கள் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டன. கணிப்பொறி, தொலைத்தொடர்புக் கருவி, மென்பொருள் முதலிய துறைகளில் உள்நாட்டுப் புத்தாக்கப் பொருள்கள் என ஒரு பட்டியல் தயாராகும். அரசுக் கொள்முதலில் அப்பட்டியலுக்கு முன்னுரிமை கிட்டும் என்றது அது. பட்டியலில் இடம்பெற வேண்டுமானால் பொருளின் சொத்துரிமை சீன நிறுவனத்திடம் இருக்க வேண்டும். வணிகக் குறி முதன்முதலில் சீனத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும்.

இதன் உட்பொருள் தெளிவு. எங்கே உற்பத்தி செய்தாய் என்று அரசு கேட்கவில்லை. அறிவு யாருடையது என்று கேட்டது. சீனத்திலேயே தொழிற்சாலை வைத்துச் சீனத் தொழிலாளரைக் கொண்டு உற்பத்தி செய்த அயல்நாட்டு நிறுவனங்களும் வெளியே நிற்க நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்தது. 2011 ஜனவரியில் வாஷிங்டன் சென்ற அதிபர் ஹூ ஜிந்தாவோ, புத்தாக்கக் கொள்கையையும் அரசுக் கொள்முதல் முன்னுரிமையையும் பிரித்துவிட உறுதியளித்தார். அவ்வாண்டிலேயே தொடர்புடைய விதிகள் சில நீக்கப்பட்டன. மாகாண அரசுகளும் தத்தம் பட்டியல்களைக் கைவிடுமாறு மத்திய அரசு பணித்தது.

நம் நாட்டு விதிகள்

2012-இல் இந்திய அரசு உள்நாட்டு மின்னணுப் பொருள்களுக்குக் கொள்முதலில் முன்னுரிமை அளித்தது. பாதுகாப்பைக் காரணம் காட்டித் தனியார் நிறுவனங்களின் கொள்முதலையும் அதற்குள் கொணர முயன்றது. எதிர்ப்பு எழவே, 2013-இல் அப்பகுதி கைவிடப்பட்டு, விதி அரசுக் கொள்முதலோடு நின்றது. 2017 ஜூன் 15-இல் பிறந்த 'மேக் இன் இந்தியா' கொள்முதல் முன்னுரிமை ஆணை 2020-இல் இறுக்கப்பட்டது. உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ளோர் முதல் வகை. 20 முதல் 50 வரை உள்ளோர் இரண்டாம் வகை. அதற்கும் குறைந்தோர் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளியில்தான் பங்குபெறலாம். 200 கோடி ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி பொதுவாக இல்லை.

முன்னுரிமை என்றால் அரசு கூடுதல் விலை கொடுக்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பிரிக்க இயலாத ஒரு கொள்முதலில் இரண்டாம் வகை நிறுவனம் 100 இலட்சம் ரூபாய் கேட்கிறது. முதல் வகை நிறுவனம் 115 இலட்சம் கேட்கிறது. வேறுபாடு 20 விழுக்காட்டுக்குள் இருப்பதால் முதல் வகை நிறுவனம் அழைக்கப்படும். ஆனால் 100 இலட்சத்துக்குத் தர இசைந்தால்தான் அதற்கு ஒப்பந்தம் கிட்டும். ஆகவே அரசு இழப்பது இந்த 15 இலட்சமன்று. போட்டியாளர் தொகை குறைவதால், அந்த 100 இலட்சமே உயர்ந்து நிற்கக்கூடும். மறைந்திருக்கும் செலவு அதுவே.

2018-இல் இணையப் பாதுகாப்புப் பொருள்களுக்கென வந்த அறிவிப்பு மேலும் நோக்கத்தக்கது. அப்பொருளின் சொத்துரிமையும் அதனால் வரும் வருவாயும் இந்தியாவில் பதிவுபெற்ற நிறுவனத்துக்கே உரியனவாக இருக்க வேண்டும் என்றது அது. சீனத்தின் 2009-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை நினைவுக்கு வருகிறதன்றோ! ஒரு துறையோடு நின்றது என்பதும், நாட்டின் பாதுகாப்பு காரணமாயிற்று என்பதும் வேறுபாடுகள்.

நாமும் அயலாரே

இங்கே நாம் ஒன்றை மறத்தலாகாது. உலகச் சந்தையில் நம் நாடு வாங்குபவர் மட்டுமன்று, பெரிய விற்பனையாளரும் ஆகும். 2010-இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநில ஆளுநர், அரசுப் பணத்தில் அயல்நாட்டிலிருந்து சேவை பெறுதல் கூடாது என ஆணையிட்டார். நம் நாட்டு மென்பொருள் துறை வருந்தியது. 2011-இல் அமெரிக்கா, கொள்முதல் உடன்படிக்கையில் சேராத நாடுகளிலிருந்து தன் அரசு வாங்குவனவற்றுக்கு 2 விழுக்காடு வரி விதித்தது. நாம் அடைக்கும் கதவு நம்மையும் வெளியே நிறுத்தும் என்பதற்கு இவை சான்று.

எனவேதான் அண்மைக்கால உடன்படிக்கைகளில் நம் அரசு சற்றே கதவைத் திறந்துள்ளது. 2022-இல் ஐக்கிய அரபு அமீரகத்தோடு செய்த உடன்படிக்கையில் அரசுக் கொள்முதலும் டிஜிட்டல் வணிகமும் தனித்தனி இயல்களாக இடம்பெற்றன. 2025 ஜூலை 24-இல் பிரிட்டனுடன் கையெழுத்தான உடன்படிக்கை, மத்திய அரசின் குறிப்பிட்ட கொள்முதல்களில் அந்நாட்டு நிறுவனங்கள் பங்குபெற வழிவகுத்தது.

மூன்றாவது வழி

அயலார் பொருளா, நம்மவர் பொருளா என்னும் இரண்டே வினாக்கள்தாமா உள? இல்லை. யாருடைய பொருளாயினும் அதன் மூலநிரல் திறந்திருக்கிறதா, அதன் கோப்புகளைப் பிற மென்பொருளும் படிக்குமா என்று கேட்கலாம். 2006-07 காலத்தில் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றியது. 2010-இல் மத்திய அரசு திறந்த தரங்கள் பற்றிய கொள்கையையும், 2015-இல் திறந்த மூல மென்பொருள் பற்றிய கொள்கையையும் வெளியிட்டது. இவ்வழியில் உரிமக் கட்டணம் குறைவது ஒரு பயன். ஒரே விற்பனையாளரிடம் காலமெல்லாம் கட்டுண்டு கிடக்கும் நிலை நீங்குவது அதனினும் பெரிய பயன். சிற்றூரில் இருக்கும் இளைஞரும் அந்நிரலைப் படித்துக் கற்று, பராமரிப்புப் பணியை ஏற்கலாம். எந்த நாட்டவரையும் ஒதுக்காமலே உள்நாட்டுத் திறன் வளர இஃதொரு வழி.

முடிவுரை

வேலி வேண்டா என்பது நம் கருத்தன்று. வேலியில்லாத பயிரை ஆடு மேயும். ஆனால் வேலியே பயிரை மேயும் நிலையும் உண்டு. முன்னுரிமை காலவரையோடு இருத்தல் வேண்டும்; உள்நாட்டு மதிப்பைக் கணக்கிடும் முறை எல்லார்க்கும் விளங்க வேண்டும்; மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட நிரல் இயன்ற வரை மக்களுக்கே திறந்திருத்தல் வேண்டும். இம்மூன்றும் இருப்பின் விதி பயிரைக் காக்கும். இல்லையேல் சிலருடைய களஞ்சியத்தை மட்டுமே காக்கும்.

மாணவ நண்பர்களே! நாளை நம்முள் சிலர் நிரல் எழுதுவோம். சிலர் அரசு அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பந்தப்புள்ளி ஆவணம் தயாரிப்போம். அந்த ஆவணத்தின் தகுதிப் பகுதியில் நாம் சேர்க்கும் ஒரு வரி, முகமறியாத ஒரு சிறு நிறுவனத்துக்குக் கதவைத் திறக்கலாம்; அடைக்கவும் செய்யலாம். அவ்வரியை எழுதுமுன் ஒரு கணம் இருபுறமும் நின்று பார்க்கக் கற்போமாக.