ஆங்கிலச் சொன்மயக்கமும் தமிழறிவும்

தமிழாசிரியர் ஆங்கிலச் சொற்களைப் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், எம் மாணாக்கர் ஆங்கிலத்தில் இழைக்கும் பிழைகளுட் பல தமிழிலிருந்தே பிறக்கின்றன. அவை பிறக்குமிடத்தைத் தமிழாசிரியர் எளிதிற் காண்பர். ஆதலின் இப்பொருள் எமக்குப் புறம்பானதன்று.

நாம் மாணாக்கராயிருந்த காலத்தில், ஆங்கில வகுப்பில் ஒருவன் எழுந்து ஆசிரியரிடம் பேனை இரவல் கேட்டான். 'லென்ட்' என்று சொல்லவேண்டிய இடத்தில் 'பொறோ' என்று சொல்லிவிட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்வாங்கில் இருந்த நாமும் சிரித்தோம். அதன்பின் அவ்வாண்டு முடியும்வரை அவன் அவ்வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமேனும் சொல்ல நாம் கேட்டிலம். அவன் ஏன் பிழைத்தான் என்பதை அன்று எவரும் ஆராய்ந்திலர்.

இன்று ஆராயுமிடத்து, அவன் தமிழிலக்கணப்படி பிழையின்றியே சிந்தித்தான் என்பது புலனாகின்றது. தமிழில் 'இரவல்' என்பது ஒரு பெயர். பொருள் எத்திசையிற் செல்கின்றது என்பதை அப்பெயர் உணர்த்தாது. பின்வரும் வினையே உணர்த்தும். இரவல் வாங்கினான், இரவல் கொடுத்தான் என்க. 'கடன்' என்பதும் அத்தகையதே. ஆங்கிலத்திலோ திசை வினைக்குள்ளேயே அடங்கிக் கிடக்கின்றது. பெறுபவன் செய்வது 'பொறோ'. கொடுப்பவன் செய்வது 'லென்ட்'. இரவல் என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லை மட்டும் கற்ற பிள்ளை, திசையை வேறொரு சொல் காட்டும் என்று நம்பியதில் வியப்பென்ன? ஆங்கிலந்தானும் எங்கும் இவ்வாறு பிரித்துக் காட்டுவதில்லை. வீட்டை வாடகைக்கு எடுப்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் 'ரென்ற்' என்னும் ஒரே வினை வழங்குதல் காண்க.

இனி, 'கேள்' என்னும் சொல்லை நோக்குவோம். இடியைக் கேட்டோம், பிரசங்கத்தைக் கேட்டோம், விலையைக் கேட்டோம் என மூவிடத்தும் நமக்கு ஒரு சொல்லே போதும். ஆங்கிலத்தில் முதலாவது 'ஹியர்', இரண்டாவது 'லிசின்', மூன்றாவது 'ஆஸ்க்'. ஒலி தானே செவியில் விழுவது முதலாவது, மனம் பற்றிச் செவிசாய்ப்பது இரண்டாவது, வினாவுதல் மூன்றாவது. 'பார்' என்பதும் இவ்வாறே 'சீ', 'லுக்', 'வாச்' என மூன்றாய்ப் பிரியும். கண்ணிற் படுவது, கண்ணைத் திருப்பி நோக்குவது, நிகழ்வதைத் தொடர்ந்து நோக்கியிருப்பது என இவற்றை வேறுபடுத்தலாம். பலபொருள் ஒருசொல் என்று இலக்கண வகுப்பிற் படித்ததை ஆங்கில வகுப்பிலும் நினைவிற் கொண்டால் பாதி மயக்கம் தீரும். உடுவிலிற் பணியாற்றிய மிறன் வின்சுலோ 1862 இல் சென்னையில் வெளியிட்ட தமிழ் ஆங்கிலப் பேரகராதியில் இத்தகைய வினைகளை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது மாணாக்கர்க்குப் பயன் தரும்.

தமிழ் மயக்குவதை மட்டுமே சொல்லி நிறுத்துதல் நீதியன்று. மயக்கந் தீர்ப்பதும் அதுவே. 'சின்ஸ்', 'ஃபோர்' என்னும் இரண்டையும் பட்டியலிட்டு மனனஞ் செய்து பரீட்சை மண்டபத்தில் மறந்துவிடுவோர் பலர். 'மூன்று ஆண்டுகளாக' என 'ஆக' வந்தால் 'ஃபோர்'. '2020 ஆம் ஆண்டிலிருந்து' என 'இருந்து' வந்தால் 'சின்ஸ்'. இவ்வளவே. 'அன்ரில்', 'பை' என்பனவும் அவ்வாறே. 'வெள்ளிக்கிழமை வரை' கடையைத் திறந்து வைத்திருப்பது 'அன்ரில்'. 'வெள்ளிக்கிழமைக்குள்' விண்ணப்பத்தைச் சேர்ப்பிப்பது 'பை'. பேச்சில் இவ்விரண்டையும் 'வரைக்கும்' என்று ஒன்றாக்கிவிடுவதனாலேயே எழுத்திலும் குழப்பம் புகுகின்றது.

'பிறிங்', 'ரேக்' என்பவற்றை மயக்குவோர்க்குத் தொல்காப்பியரே துணையாவர். கிளவியாக்கத்தில் அவர், வருதலையும் தருதலையும் தன்மை முன்னிலைகட்கும், செல்லுதலையும் கொடுத்தலையும் படர்க்கைக்கும் உரியனவாக வகுத்துள்ளார். நாம் இன்றும் 'உனக்குத் தருவேன்', 'அவனுக்குக் கொடுப்பேன்' என்கிறோம். ஆங்கிலம் தருதல், கொடுத்தல் என்னும் இரண்டையும் 'கிவ்' என ஒன்றாக்கிவிட்டது. எனினும் 'கம்', 'கோ' என்பவற்றில் அவ்வேறுபாட்டைப் பெரும்பாலும் காத்துள்ளது. கொண்டுவருதல் 'பிறிங்', கொண்டுபோதல் 'ரேக்' என்று அறிந்தவன் தடுமாறான். வீட்டிலிருந்து புறப்படும்போது 'போய் வருகிறேன்' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி அயலாரைத் திகைக்கவைக்கும் வழக்கம் வேறு. 'போகிறேன்' என்று மட்டும் சொல்ல நாக்கூசும் நம்மவரை அதற்காகக் குறைகூற நாம் துணியோம்.

ஆங்கில ஆசிரிய நண்பர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பிழைபட்ட வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடிப்பதற்கு முன், அப்பிள்ளை தமிழில் என்ன சொல்ல எண்ணினான் என்று ஒருமுறை வினவுக. அவன் விடையிலேயே பிழையின் வேர் வெளிப்படும். இம்முறையைச் சில ஆண்டுகளாக எம் வகுப்பிற் கைக்கொண்டு வருகிறோம். ஆங்கிலக் கொப்பியைத் தமிழ் வகுப்பிற்குக் கொண்டுவரும் பிள்ளைகளும் உளர்.

மாணாக்கர் பின்வருவனவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்துப் பார்ப்பாராக: மழை பெய்வதைக் கேட்டேன். அவன் சொன்னதைக் கேளாமல் வழியைக் கேட்டேன். செவ்வாய்க்கிழமைக்குள் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டு வருவேன். ஐயா, உங்கள் பேனையைச் சற்று இரவல் தாருங்கள்.