கல்லில் எழுதிய எழுத்து

இரவு முழுவதும் பேருந்து ஓடியது. பெங்களூரில் ஏறியவர்கள் விடியும் நேரத்தில் ஹொசப்பேட்டையில் இறங்கினார்கள். எல்லாரும் கற்போர் மையத்தில் தமிழ் படிப்பவர்கள். கட்டட வேலை செய்பவர்கள், பூக்கட்டுபவர்கள், வீட்டு வேலை செய்பவர்கள். டீச்சரும் உடன் வந்தார்.

டீ குடித்தார்கள். மீண்டும் பேருந்தில் ஏறினார்கள். சுமார் 13 கிலோமீட்டர் போனதும் ஹம்பி வந்தது.

எங்கு பார்த்தாலும் பாறை. நடுவில் துங்கபத்திரை ஆறு. கரையில் விருபாட்சர் கோயில். அங்கே இன்றும் பூசை நடக்கிறது. சுற்றிலும் இடிந்த மண்டபங்கள், கூரை இல்லாத கடைவீதிகள்.

“இது பெரிய ஊராக இருந்திருக்கும் போல!” என்றார் பூக்கார அக்கா.

டீச்சர் சொன்னார்:

“ஆமாம். இதன் பெயர் விஜயநகரம். 1336-ஆம் ஆண்டில் தொடங்கிய பேரரசின் தலைநகரம். கிருஷ்ணதேவராயர் 1509 முதல் 1529 வரை ஆண்டார். அந்தக் காலத்தில் போர்ச்சுகல் நாட்டிலிருந்து டொமிங்கோ பயஸ் என்ற பயணி வந்தார். ‘ரோம் நகரம் அளவுக்குப் பெரியது’ என்று எழுதி வைத்தார்.”

“பிறகு ஏன் இப்படி ஆனது?”

“1565 ஜனவரியில் பெரிய போர் நடந்தது. தலைக்கோட்டைப் போர் என்பார்கள். தக்காண சுல்தான்கள் ஒன்றுசேர்ந்து வந்தார்கள். விஜயநகரம் தோற்றது. நகரம் சூறையாடப்பட்டது. மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள்.”

ஐம்பது ரூபாய்த் தேர்

அடுத்து விட்டலர் கோயிலுக்குப் போனார்கள். முற்றத்தில் கல் தேர் நின்றது.

“இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே!” என்றார் ஒரு பாட்டி.

“உங்கள் சுருக்குப்பையில் பாருங்கள் பாட்டி” என்று டீச்சர் சிரித்தார்.

பாட்டி நீல நிற 50 ரூபாய் நோட்டை எடுத்தார். பின்பக்கம் திருப்பினார். அதே தேர்! 2017-ஆம் ஆண்டு முதல் இந்தப் படம் நோட்டில் வருகிறது. பார்ப்பதற்குத்தான் இது தேர். உண்மையில் கருடனுக்குக் கட்டிய சன்னிதி.

படிக்கட்டுக் குளம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரண்மனைப் பகுதிக்குப் போனார்கள். அங்கே ஒரு குளம். நான்கு பக்கமும் கறுப்புக் கல் படிகள். மண்ணுக்குள் மூடிக் கிடந்த இந்தக் குளத்தை 1980-களில் தோண்டி எடுத்தார்கள்.

கட்டட வேலை செய்யும் பெரியம்மா வேலிக்கு வெளியே நின்று கூர்ந்து பார்த்தார்.

“டீச்சர், படிக்கல்லில் ஏதோ எழுதியிருக்கிறதே? சாமி பெயரா?”

வழிகாட்டி விளக்கினார்: “இல்லை அம்மா. இவை கொத்தர்கள் போட்ட குறிகள். இந்தக் கல் எந்தத் திசை, எந்த வரிசை, எத்தனையாவது இடம் என்று கல்லிலேயே குறித்திருக்கிறார்கள். குறியைப் பார்த்து அதனதன் இடத்தில் வைத்திருக்கிறார்கள்.”

“நாங்களும் சென்ட்ரிங் பலகைக்கு நம்பர் போடுவோம்!” என்றார் பெரியம்மா. “அப்படியானால் அந்தக் காலத்துக் கொத்தனாருக்கு எழுத்து தெரியுமா?”

“குறியைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் இடம் மாறிப் போகுமே” என்றார் டீச்சர்.

பெரியம்மா வெகுநேரம் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெயர்

திரும்பும் வழியில் ஒரு மண்டபம். குழுவில் இருந்த இளைஞர் கூர்மையான கல் ஒன்றை எடுத்தார். தூணருகே போனார்.

“தம்பி, என்ன செய்கிறாய்?” பெரியம்மா கேட்டார்.

“என் பெயரை எழுதப் போகிறேன் பெரியம்மா. நாலு மாதத்துக்கு முன்னால் எனக்குக் கைநாட்டுதான். இப்போது எழுதத் தெரியும். இங்கே வந்ததற்கு ஓர் அடையாளம் வேண்டாமா?”

“குளத்துக் கல்லிலும் எழுத்து இருக்கிறது. அது கட்டுவதற்குப் போட்ட எழுத்து. நீ கீறினால் தூண் கெட்டுத்தானே போகும்? கல்லைச் செதுக்கியவன் கைவலி எனக்குத் தெரியும் அப்பா.”

வழிகாட்டியும் வந்தார். “2019-ஆம் ஆண்டு ஒரு வழக்கு வந்தது தம்பி. நான்கு இளைஞர்கள் விளையாட்டாக இங்கே ஒரு கல் தூணைத் தள்ளிவிட்டார்கள். நீதிமன்றம் ஆளுக்கு 70,000 ரூபாய் அபராதம் போட்டது. விழுந்த தூணை அவர்களே தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. போருக்குத் தப்பிய தூண், விளையாட்டில் விழுந்தது.”

இளைஞர் கல்லைக் கீழே போட்டார். முகம் வாடியது.

டீச்சர் தன் நோட்டை நீட்டினார். “பெயர் எழுத ஆசைப்பட்டது தப்பில்லை. இதிலே எழுது. பார்த்ததையும் எழுது.”

அவர் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி எழுதினார். முதலில் தன் பெயர். அதன் கீழே மூன்று வரி:

“ஹம்பி பார்த்தேன். குளத்துக் கல்லில் எழுத்து பார்த்தேன். நான் கல்லைக் கீறவில்லை.”

பேருந்தில் பெரியம்மா அதை உரக்கப் படித்தார். பிறகு நோட்டு ஒவ்வொரு கையாகப் போனது.

தெரிந்துகொள்வோம்

ஹம்பி 1986 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சேதப்படுத்துவது குற்றம். 1958-ஆம் ஆண்டுச் சட்டம் 2010-இல் திருத்தப்பட்டது. அதன்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

புதிய சொற்கள்

சூறையாடுதல் – கொள்ளையடித்து அழித்தல்
சன்னிதி – சாமி இருக்கும் இடம்
அபராதம் – தண்டனைப் பணம்

பதில் சொல்லுங்கள்

1. கல் தேர் எந்த ரூபாய் நோட்டில் உள்ளது?
2. படிக்கல்லில் கொத்தர்கள் ஏன் குறி போட்டார்கள்?
3. பெரியம்மா தடுத்தது சரியா? ஏன்?

செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் உள்ள பழைய கோயில், மசூதி, தேவாலயம், கோட்டை அல்லது குளம் ஒன்றுக்குக் குழுவாகப் போங்கள். பார்த்ததை நோட்டில் ஐந்து வரி எழுதுங்கள். கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.