வாடிக்கைக்காரர் அபிப்பிராயத்தைப் படிக்கும் முறை: புரீட்டோக் கடை தரும் பாடம்

பண்டத்தைச் செய்கிறவர் ஒருவர். அதை விலை கொடுத்துப் பெற்றுப் பயன்படுத்துகிறவர் மற்றொருவர். செய்கிறவர் தம் உழைப்பை அறிவார். பயன்படுத்துகிறவர் பண்டத்தின் பலனை அறிவார். இவ்விருவரையும் இணைப்பது அபிப்பிராயம். நெசவாளராயினும் விவசாயியாயினும், சரக்கை விற்பனைக்கு அனுப்பும் எவருக்கும் வாடிக்கைக்காரர் சொல் வந்து சேர்ந்த வண்ணமே இருக்கும். புகழ்ச்சியைக் கேட்டு மகிழ்வதும் இகழ்ச்சியைக் கேட்டு வருந்துவதும் மனித இயல்பு. ஆனால் மகிழ்ச்சியாலும் வருத்தத்தாலும் சரக்குத் திருந்துவதில்லை. சொல்லைப் பகுத்து, அதற்குள் இருக்கும் செய்தியைப் பிரித்தெடுத்தால்தான் திருந்தும். அதற்குரிய முறையைப் பயில்வதே இப்பாடத்தின் நோக்கம்.

இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள எளிய மெக்சிகோ உணவுக் கடைகளில் விற்கப்படும் புரீட்டோ என்னும் பண்டத்தை எடுத்துக்கொள்வோம். டாக்கோக் கடை என்று அங்கே வழங்கும் இக்கடைகளில் ஆடம்பரம் கிடையாது. பண்டத்தை வாங்கிக் கையாலேயே உண்டு போவார்கள். அத்தகைய எளிய பண்டத்தைப் பற்றிய அபிப்பிராயங்களையும் அளந்து, பதிந்து, ஆராய்ந்திருக்கிறார்கள். அதனாலேயே அது நம் பாடத்திற்கு ஏற்றதாகிறது.

பண்டம் யாது?

கோதுமை மாவு, கொழுப்பு, உப்பு, நீர் ஆகியவற்றைச் சேர்த்துப் பிசைந்து, மெல்லிய வட்டமாகத் தட்டிச் சுட்ட ரொட்டிக்கு டார்ட்டியா என்று பெயர். அதனுள் இறைச்சி, அவரை முதலிய பூரணத்தை வைத்து உருளையாகச் சுருட்டியதே புரீட்டோ. மெக்சிகோவில் மக்காச்சோள டார்ட்டியாவே பழமையானது. ஆனால் கோதுமை மாவில் உள்ள பசைச் சத்து மக்காச்சோளத்தில் இல்லை. ஆதலால் பெரிதாகவும் மெலிதாகவும் விரித்துச் சுருட்டக் கோதுமையே ஏற்றது. கோதுமை நன்கு விளையும் வட மெக்சிகோவில் இப்பண்டம் வேரூன்றியதற்கு இதுவும் ஒரு காரணம். ஸ்பானிய மொழியில் புரீட்டோ என்றால் சிறு கழுதை என்று பொருள். 1895-ஆம் ஆண்டில் வெளிவந்த மெக்சிகோ வழக்குச் சொல் அகராதி ஒன்றிலேயே இப்பெயர் காணப்படுகிறது.

இதில் சேரும் மிளகாய் நமக்கும் உறவுடையது. மெக்சிகோ மண்ணில் பயிராகப் பண்படுத்தப்பட்ட மிளகாய், 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாகவே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

விருப்பம் வேறு, குறை வேறு

ஒரு வாடிக்கைக்காரர், “இந்தப் புரீட்டோவில் அரிசி இல்லை” என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். இது குறையா? ஊரை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது.

சான் பிரான்சிஸ்கோ நகரின் மிஷன் வட்டாரத்தில் புரீட்டோ மிகப் பெரிதாக இருக்கும். ஆவியில் மிருதுவாக்கிய டார்ட்டியாவில் சோறு, அவரை, இறைச்சி, சால்சா என்னும் மிளகாய்ச் சாந்து ஆகியவற்றை நிரப்பி, அலுமினியத் தாளில் சுற்றித் தருவார்கள். 1961-ஆம் ஆண்டில் எல் ஃபாரோ கடையும், 1969-ஆம் ஆண்டில் லா கும்ப்ரே கடையும் இவ்வகையைத் தாமே முதலில் விற்றதாக உரிமை கொண்டாடுகின்றன. அதே மாநிலத்தின் தென்கோடியில் உள்ள சான் டியேகோ நகரத்திற்கு வந்தால் வழக்கம் மாறிவிடுகிறது. அங்கே சுட்ட மாட்டிறைச்சியும் வெண்ணெய்ப்பழச் சாந்தும் முதன்மை பெறும். கலிபோர்னியா புரீட்டோ என்பதில் சோற்றுக்கு மாறாக உருளைக்கிழங்கு வறுவலையே வைத்துச் சுருட்டுகிறார்கள். வட மெக்சிகோவிலோ ஒன்றிரண்டு பண்டங்களை மட்டும் வைத்த மெல்லிய சுருளே வழக்கம்.

ஆகவே, அரிசி இல்லை என்ற சொல் மிஷன் வட்டாரத்தில் முறையீடாகலாம். சான் டியேகோவில் அது வெறும் செய்தி. மற்றொருவர் வாயில் அதுவே புகழ்ச்சியும் ஆகலாம். 2014-ஆம் ஆண்டில் ஃபைவ்தர்ட்டிஎயிட் என்னும் செய்தி நிறுவனம் நாடெங்கிலுமிருந்து 64 கடைகளைத் தேர்ந்து, போட்டி முறையில் ஒப்பிட்டு, ஒரு கடைக்கு முதலிடம் அளித்தது. அது மிஷன் வட்டாரத்திலேயே உள்ள லா டாக்கேரியா. அக்கடை தன் புரீட்டோவில் அரிசியே சேர்ப்பதில்லை!

இதிலிருந்து முதல் விதி கிடைக்கிறது. டார்ட்டியா கிழிந்திருந்தது, உள்ளே ஆறிப் போயிருந்தது என்பன குறைகள். எவ்வூரிலும் அவை குறைகளே. அரிசி வேண்டும், காரம் குறைய வேண்டும் என்பன விருப்பங்கள். குறையைத் திருத்த வேண்டும். விருப்பத்தை எண்ணிக் கணக்கிட்டு, எத்தனை பேர் கேட்கின்றனர் என்று பார்த்துப் பின்னரே முடிவு செய்ய வேண்டும். விருப்பத்தைக் குறையென்று எண்ணிப் பண்டத்தை மாற்றும் கடைக்காரர், பழைய வாடிக்கையையும் இழக்க நேரிடும்.

பத்து அளவுகள்

“நன்றாக இல்லை” என்பது தீர்ப்பு. அதில் காரணம் இல்லை. காரணத்தை அறிய, பண்டத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் கேட்க வேண்டும். சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் பயின்ற ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இதையே செய்தார். அவரும் நண்பர் பலரும் நூற்றுக்கணக்கான புரீட்டோக்களை உண்டு, ஒவ்வொன்றையும் பத்துக் கூறுகளில் மதிப்பிட்டுப் பதிவு செய்தனர். அக்கூறுகளாவன: 1. கன அளவு, 2. டார்ட்டியாவின் தரம், 3. சூடு, 4. இறைச்சியின் தரம்; 5. மற்றப் பூரணத்தின் தரம், 6. இறைச்சிக்கும் மற்றவற்றிற்கும் உள்ள விகிதம், 7. பூரணம் எங்கும் ஒரே சீராகக் கலந்திருத்தல், 8. சால்சாவின் தரம்; 9. சுவைகளின் இசைவு, 10. சுருளின் உறுதி.

இப்பட்டியலை ஊன்றி நோக்கினால், ஒவ்வொரு கூறும் கடையில் ஒரு வேலையைச் சுட்டுவது புலப்படும். சுருள் பிரிந்து விட்டதென்றால் சுருட்டுகிறவரைப் பார்க்க வேண்டும். அல்லது டார்ட்டியாவைப் போதுமான அளவு சூடாக்கி வளைவுத்தன்மை பெறச் செய்தார்களா என்று பார்க்க வேண்டும். ஒரு கடியில் இறைச்சியும் மறு கடியில் அவரையுமாக வந்ததென்றால், பண்டம் கெட்டதன்று. பரப்பிய முறையே கெட்டது. அடிப்பாகம் நனைந்து ஒழுகியதென்றால், சால்சாவின் நீரை வடித்தார்களா என்று கேட்க வேண்டும். இவ்வாறு, நன்றாக இல்லை என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு வேலைகளின் திருத்தமாகப் பிரிகிறது.

கன அளவை அவர்கள் கண்மதிப்பில் விட்டுவிடவில்லை. நாடாவால் நீளத்தையும் சுற்றளவையும் அளந்து கணக்கிட்டனர். உருளையின் கன அளவைக் காணச் சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதனை நீளத்தால் பெருக்கி, 12.57-ஆல் வகுக்க வேண்டும். நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 சென்டிமீட்டர் நீளமும் 22 சென்டிமீட்டர் சுற்றளவும் உடைய புரீட்டோவின் கன அளவு ஏறக்குறைய 770 கன சென்டிமீட்டர். நீளம் மாறாமல் சுற்றளவு மட்டும் 20 சென்டிமீட்டராகக் குறைந்தால், கன அளவு ஏறக்குறைய 637 ஆகிவிடுகிறது. சுற்றளவில் குறைந்தது இரண்டே சென்டிமீட்டர். பண்டத்தில் குறைந்தது சுமார் 17 சதவீதம்! நீளத்தைப் பார்க்கும் கண் இதைக் காணாது. வயிறு காணும். “முன்போல் நிறைவில்லை” என்று வாடிக்கைக்காரர் கூறும்போது, நீளம் குறையவில்லையே என்று கடைக்காரர் வாதாடுவது வீண்.

அளவும் நாணயமும்

அளவைப் பற்றிய முறையீட்டில் பணத்தோடு நம்பிக்கையும் கலந்திருக்கிறது. மிஷன் வட்டாரக் கடைகளைக் கண்டு, 1993-ஆம் ஆண்டில் டென்வர் நகரில் தொடங்கப்பட்டது சிப்போட்லே என்னும் நிறுவனம். அது நாடெங்கும் பரவிய பின், 2024-ஆம் ஆண்டில் வாடிக்கைக்காரர் பலர் தமக்கு அளவு குறைத்துப் பரிமாறப்படுவதாக முறையிட்டனர். வங்கி ஒன்றின் ஆய்வாளர்கள் நியூயார்க் நகரக் கிளைகளில் ஒரே மாதிரியான 75 கிண்ணங்களை வாங்கி எடையிட்டனர். புரீட்டோவில் சுருட்டும் அதே பூரணத்தைக் கிண்ணத்தில் தருவது அக்கடைகளின் வழக்கம். ஒரு கிளைக்கும் மற்றொரு கிளைக்கும் இடையே எடை 33 சதவீதம் வரை வேறுபட்டது.

எல்லா இடத்திலும் அளவு குறைந்ததென்று இதற்குப் பொருளன்று. எல்லா இடத்திலும் அளவு ஒன்றாக இல்லை என்பதே பொருள். ஆனால் குறைந்த அளவு பெற்றவர் மற்றக் கிண்ணங்களைக் காண்பதில்லை. தாம் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார். ஒரு கரண்டி கூடுதலாகத் தந்து ஒருவரை மகிழ்வித்தாலும், மறுநாள் சரியான அளவு தரும்போது அவரே குறைந்து விட்டதென்பார். ஆதலால் தாராளத்தைவிட ஒரே சீரான அளவுதான் கடைக்கு நற்பெயர் தேடித் தருகிறது. எடையும் முழமும் அறிந்த நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நட்சத்திரமும் பிழைப்பும்

இக்காலத்தில் அபிப்பிராயங்கள் இணையத்தில் சேர்கின்றன. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்களாகவும் கணக்கிடப்படுகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் 2004-ஆம் ஆண்டில் தோன்றிய எல்ப் நிறுவனம் இதில் பேர் பெற்றது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூக்கா, சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்து 2011-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார். அங்கே ஒரு நட்சத்திரம் உயர்ந்தால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்ந்தது. இவ்விளைவு தனித்து நடக்கும் சிறு உணவகங்களில் காணப்பட்டது. பல கிளைகளையுடைய பெருநிறுவனங்களில் காணப்படவில்லை. காரணம் எளிது. பெருநிறுவனத்தின் பெயர் முன்னரே தெரிந்தது. சிறு கடையைப் பற்றி அறியப் பிறர் சொல்லைத் தவிர வேறு வழியில்லை. குடும்பமாக நடத்தும் டாக்கோக் கடைக்கு அபிப்பிராயம் பிழைப்பையே தொடுகிறது.

ஆகவே சராசரிக் கணக்கை எச்சரிக்கையுடன் படிக்க வேண்டும். நால்வர் அபிப்பிராயம் சொல்லி, மூவர் 5-ம் ஒருவர் 1-ம் கொடுத்தால் சராசரி 4. நாற்பது பேரில் 39 பேர் 5-ம் ஒருவர் 1-ம் கொடுத்தால் சராசரி 4.9. கோபித்தவர் இரு கடையிலும் ஒருவரே. கேட்ட ஆட்களின் தொகைதான் வேறு. மேலும், லூக்கா ஆராய்ந்த காலத்தில் சராசரியை அரை நட்சத்திரத்திற்கு முழுதாக்கிக் காட்டினர். 3.74 பெற்ற கடை மூன்றரை நட்சத்திரம் என்றும், 3.76 பெற்ற கடை நான்கு நட்சத்திரம் என்றும் தோன்றின. பண்டத்தில் வேற்றுமை இல்லாதபோதும் வருமானத்தில் வேற்றுமை விளைந்தது. தவிர, மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே பெரும்பாலும் எழுத முன்வருவர். நடுத்தரமாக நினைப்பவர் பேசாமல் போவர். எழுதாதவரையும் கேட்டறிவது கடைக்காரர் கடமை.

யாருடைய சரக்கைப் பற்றிய சொல் என்பதையும் ஆராய வேண்டும். 1964-ஆம் ஆண்டில் சான் டியேகோ நகரைச் சார்ந்த சான் இசிட்ரோவில் டார்ட்டியா செய்யும் கூடமாகத் தொடங்கி, பின்னர் புகழ்பெற்றது ராபெர்ட்டோஸ் கடை. அதைப் பின்பற்றி அல்பெர்ட்டோஸ், ஃபிலிபெர்ட்டோஸ் என ஒத்த ஒலியுடைய பெயர்களில் கடைகள் பெருகின. ஒரு கடையில் பெற்ற கசப்பை மற்றொரு கடையின் கணக்கில் எழுதுவது இத்தகைய இடங்களில் எளிதன்றோ?

பொய் அபிப்பிராயம் மெய் அபிப்பிராயத்தின் மதிப்பைக் கெடுக்கிறது. நேர்மையாகக் குறை கூறும் வாடிக்கைக்காரரை ஒப்பந்த நிபந்தனையால் தடுப்பதை அமெரிக்காவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. பொய்யான அபிப்பிராயங்களை எழுதுவதையும் விலைக்கு வாங்குவதையும் தடை செய்யும் விதி 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. குறை சொல்லும் உரிமையைக் காப்பதும், பொய்ப் புகழைத் தடுப்பதும் ஒரே நோக்கத்தின் இரு பகுதிகள்.

பதிவேட்டு முறை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், விற்பனை நிலையம் எதுவாயினும் கைக்கொள்ளத்தக்க ஒரு பதிவேடு அமையும். அதில் ஆறு பத்திகள் போதும்: நாள், பண்டம், வாடிக்கைக்காரர் சொன்ன சொல், அவர் சொன்னபடியே, அது குறையா, விருப்பமா, எந்த வேலையைச் சுட்டுகிறது, என்ன செய்யப்பட்டது. மூன்றாம் பத்தியில் எழுதுகிறவர் தம் சொல்லைக் கலக்கக் கூடாது. ஆறாம் பத்தி காலியாக இருக்கக் கூடாது. ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று முடிவு செய்தால், அம்முடிவையும் காரணத்தையும் எழுத வேண்டும். மாதம் ஒரு முறை ஏட்டைக் கூட்டத்தில் படித்து, ஒரே குறை மூன்று முறைக்கு மேல் வந்திருந்தால் முதலில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். சொன்னவரைத் தேடிக் கோபிப்பதற்கு இவ்வேட்டைப் பயன்படுத்தினால், அடுத்த மாதம் எவரும் வாய் திறக்கமாட்டார்.

பயிற்சி வினாக்கள்

1. “காரம் மிகுதி”, “மடிப்புப் பிரிந்தது”, “சோறு இல்லை”, “நடுவில் ஆறிவிட்டது” – இவற்றுள் குறை எவை? விருப்பம் எவை? காரணம் கூறுக.

2. 18 சென்டிமீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் சுற்றளவும் உடைய புரீட்டோ பெரிதா, 22 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் சுற்றளவும் உடையது பெரிதா? கணக்கிட்டு விடை காண்க.

3. ஐவர் மட்டும் அபிப்பிராயம் கூறிய கடையையும் ஐம்பதின்மர் கூறிய கடையையும் சராசரியால் மட்டும் ஒப்பிடுவதில் உள்ள பிழை யாது?

4. நீங்கள் செய்யும் பண்டம் ஒன்றைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் யார் செய்யும் எந்த வேலையைச் சுட்டுகிறது என்று பட்டியல் எழுதுக.