குறிஞ்சிக் குளிரும் எரிபொருட் செலவும்

நிலத்தை ஐந்தாகவும் பெரும்பொழுதை ஆறாகவும் வகுத்து வாழ்வை நோக்கியவர் நம் முன்னோர். மலையும் மலை சார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் உரிய பொழுதுகள் எனத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. மலையோடு குளிர் பிரியாதது என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை. அவ்வுண்மையை இன்றும் பழனி மலைத்தொடரில் உணரலாம். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கோடைக்கானலில் மார்கழி, தை மாத வைகறைப் பொழுதுகளில் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவது வழக்கம். பனிக்காலத்தில் வண்டி எரிபொருளை மிகுதியாகக் குடிக்கிறது என்பது அப்போது பலரும் கூறும் குறை.

இக்கூற்று உண்மைதானா? உண்மையெனில் காரணம் யாது? அதில் குளிரின் பங்கு எவ்வளவு, நம் பழக்கத்தின் பங்கு எவ்வளவு? தமிழ்த்துறை மலரில் எந்திரத்திற்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். அன்றாடம் கையாளும் பொருளொன்றின் இயல்பைத் தாய்மொழியில் தெளிவுறுத்த முன்வராமல் அறிவியல் தமிழ் வளர வேண்டும் என்று மேடைதோறும் முழங்குவதால் பயன் விளையாது. ஆதலின் இப்பொருளை நாம் இங்கு ஆராய்வோம்.

குளிர்ந்த எந்திரத்தின் இயல்பு

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரியும். இரவெல்லாம் பனியில் நின்ற எந்திரத்தின் உட்சுவர்கள் குளிர்ந்திருக்கும். உள்ளே செலுத்தப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் அச்சுவர்களில் படிந்துவிடும். எனவே தேவைக்கு மேற்பட்ட பெட்ரோலை ஊட்டித்தான் எந்திரத்தை எழுப்ப வேண்டியுள்ளது. முன்னாளைய கார்புரேட்டர் வண்டிகளில் ஓட்டுநர் 'சோக்'கை இழுத்து இதனைச் செய்தார். இந்நாளைய வண்டிகளில் வெப்பநிலையை உணரும் கருவியும் சிறு கணினியும் ஓட்டுநர் அறியாமலே அளவறிந்து செய்கின்றன. முறை மாறியுள்ளது, மிகுதியாக ஊட்ட வேண்டிய தேவை மாறவில்லை.

இரண்டாவது காரணம் எண்ணெய். பனிக்காலத்தில் தேங்காய் எண்ணெய் உறைவதை நம் இல்லங்களிற் காண்கிறோம். எந்திர எண்ணெய் அவ்வாறு உறையாவிடினும் அதன் பாகுத்தன்மை மிகுந்து தடித்துவிடும். தடித்த எண்ணெயினூடே உறுப்புகள் அசைய வேண்டியிருப்பதால் எந்திரத்தின் ஆற்றலில் ஒரு பகுதி வண்டியை நகர்த்தாமல் எண்ணெயைக் கடைவதிலேயே கழிகிறது. பற்சக்கரப் பெட்டியிலும் இதே நிலைதான். எண்ணெய் டப்பாக்களின்மீது '5டபிள்யூ-30', '15டபிள்யூ-40' என்றெல்லாம் பொறித்திருக்கக் காண்கிறோம். அவற்றுள் 'டபிள்யூ' என்பது ஆங்கிலத்தில் குளிர்காலத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறியதாக இருப்பின், குளிரில் அவ்வெண்ணெய் எளிதாக ஓடும் என்பது பொருள்.

மூன்றாவது, மின்கலம். அதனுள் நிகழும் வேதிவினை குளிரில் மந்தமாகிறது. தடித்த எண்ணெயோ எந்திரத்தைச் சுழற்ற மிகுந்த மின்னாற்றலை வேண்டுகிறது. செலவழிந்ததை மீண்டும் நிரப்பும் ஆற்றலும், மூடுபனிக்கு எரியும் விளக்குகளுக்கான ஆற்றலும் எரிபொருளிலிருந்தே பெறப்படுகின்றன.

இவை அனைத்தும் எந்திரம் குளிர்ந்திருக்கும் வரைக்கும் நிகழ்பவை என்பதை நாம் மறத்தலாகாது. எந்திரத்தைச் சுற்றியோடும் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 பாகையை எட்டியபின் வெளியிலுள்ள குளிர் எந்திரத்தைப் பெரிதும் வருத்துவதில்லை. அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை தரும் கணக்கு இதனை உறுதி செய்கிறது. வெப்பநிலை 25 பாகையிலிருந்து உறைநிலைக்குக் கீழே 7 பாகைக்கு இறங்கும்போது, நகருக்குள் ஓடும் பெட்ரோல் கார் ஒரு லிட்டருக்கு ஓடும் தொலைவு 15 விழுக்காடு அளவுக்குக் குறைகிறது. ஐந்தாறு கிலோமீட்டரே ஓடும் குறும்பயணங்களிலோ அக்குறைவு 24 விழுக்காடு வரை செல்லக்கூடும். கோடைக்கானற் குளிர் அத்துணைக் கடுமையானதன்று. ஆயின் காரணம் ஒன்றே. குளிரால் விளையும் செலவு பெரும்பாலும் பயணத்தின் முதற் சில கிலோமீட்டர்களிலேயே நிகழ்ந்து முடிகிறது.

மலைக்குப் பொருந்தாத இரு காரணங்கள்

குளிர்நாட்டு நூல்கள் கூறும் வேறிரு காரணங்களை அப்படியே நம் மலைக்குப் பொருத்திக் கூறல் தவறாகும். குளிர்ந்த காற்று செறிவு மிக்கது. ஆகவே அது வண்டியை மிகுதியாக எதிர்க்கிறது என்பது அவற்றுள் ஒன்று. சமவெளியில் இஃது உண்மை. கோடைக்கானலிலோ உயரத்தின் காரணமாகக் காற்றழுத்தம் குறைவு. குளிரால் மிகும் செறிவைவிட உயரத்தால் குறையும் செறிவே பெரிது. ஆதலின் அங்குள்ள காற்று, குளிர்ந்திருந்தும், மலையடிவாரக் காற்றைவிட மெலிந்ததேயாம்.

சக்கரக் காற்று மற்றொன்று. வெப்பநிலை 10 பாகை குறைந்தால் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரைப் பவுண்டு குறையும். 20 பாகைக்கு மூன்று பவுண்டு. அழுத்தம் குறைந்த டயர் சாலையில் இழுபட்டு எரிபொருளை வீணாக்கும். ஆயினும் வத்தலக்குண்டில் 30 பாகை வெப்பத்தில் காற்று நிரப்பிக்கொண்டு மலையேறுவோர் 10 பாகைக் குளிரை அடையும்போது, வெளிக்காற்றின் அழுத்தமும் ஏறத்தாழ மூன்று பவுண்டு குறைந்திருக்கும். ஒன்றன் குறைவை மற்றொன்று ஈடுசெய்வதால் டயரின் விறைப்பு பெரிதும் மாறாது. மலையிலேயே வாழ்வோர் நிலை வேறு. நண்பகல் வெயிலில் அளந்த அழுத்தம் மறுநாள் வைகறையில் குறைந்தே இருக்கும். அவர்கள் காலையில், வண்டியை ஓட்டுமுன் அளந்து பார்த்தலே முறை.

ஏற்றம் வேறு, குளிர் வேறு

மலையடிவாரத்திலிருந்து கோடைக்கானலுக்கு ஏறும் வண்டி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயர்கிறது. ஆட்களோடு 1,200 கிலோகிராம் எடையுள்ள காரை இவ்வுயரத்திற்குத் தூக்க ஏறத்தாழ 2 கோடியே 10 லட்சம் ஜூல் ஆற்றல் தேவை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 3 கோடியே 20 லட்சம் ஜூல் அடங்கியுள்ளது. அதில் நான்கில் ஒரு பங்கே சக்கரத்திற்கு வந்து சேர்கிறது என்று கொண்டால், உயரம் ஏறுவதற்கு மட்டும் இரண்டரை லிட்டர் பெட்ரோல் வேண்டும். சாலையில் ஓடுவதற்கான செலவு இதனின் வேறாகும். சித்திரை வெயிலாயினும் மார்கழிப் பனியாயினும் இக்கணக்கு ஒன்றே. பெருமாள்மலையை எட்டுமுன்பே எந்திரம் நன்கு சூடேறிவிடுவதால், சுற்றுலா வருவோர் மலையேற்றச் செலவைக் குளிரின்மீது சுமத்துதல் பொருந்தாது.

உண்மையில் குளிரால் இழப்புறுவோர் மலையிலேயே வாழ்பவர். மூஞ்சிக்கல்லிலிருந்து ஏரிக்கரைக்கும், நாயுடுபுரத்திலிருந்து பேருந்து நிலையத்திற்கும் செல்வன போன்ற பயணங்களில் எந்திரம் சூடேறுமுன் வண்டி நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து மீண்டும் குளிர்ந்த எந்திரம், மீண்டும் மிகைச்செலவு. பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பூண்டும் கிழங்கும் ஏற்றி விடியலிற் புறப்படும் வண்டிகளுக்கு, வீணாகும் ஒவ்வொரு லிட்டரும் உழவரின் வருவாயிலிருந்து கழியும் தொகையாகும்.

பேகனின் கொடைமடம்

பழனி மலையாகிய பொதினியை ஆண்ட வையாவிக் கோப்பெரும்பேகன், மயிலுக்குக் குளிரும் என எண்ணித் தன் போர்வையை அதற்கு ஈந்தான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவனைப் பாடிய பரணர், கொள்வோரின் தேவையை ஆராயாது கொடுக்கும் இயல்பைக் 'கொடைமடம்' என்னும் சொல்லாற் சுட்டினார். அருளிற் பிறந்த அம்மடம் புகழாயிற்று.

அதே மலையில் இன்று நாம் செய்வது வேறொரு கொடைமடம். குளிர் போக்குவதாக எண்ணி நின்ற இடத்திலேயே எந்திரத்தைப் பத்து நிமிடம், கால் மணி நேரம் ஓடவிடுகிறோம். வண்டி நகராதவரை ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் கிலோமீட்டர் சுழியமே. மேலும், சுமையின்றி ஓடும் எந்திரம் மெல்லவே சூடேறும். பற்சக்கரப் பெட்டியோ டயரோ சூடேறுவதே இல்லை. சிறிய காரொன்று நின்றபடி ஓடினால் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை செலவாகும். நாள்தோறும் பத்து நிமிடம் எனினும் மாதத்திற்கு இரண்டரை முதல் ஐந்து லிட்டர் வரை புகையாகிப் போகிறது. அப்புகையின் நச்சினை நீக்கும் கருவி நன்கு சூடேறிய பின்னரே செயற்படுமாதலால், குளிர்ந்த எந்திரத்தின் புகை கொடியது. மூடிய கொட்டகைக்குள் எந்திரத்தை ஓடவிடுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும். அதிலிருந்து வெளிப்படும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை.

செய்யத் தக்கன

எந்திரத்தை இயக்கி அரை நிமிடம் பொறுத்து, முதற் சில கிலோமீட்டர் மிதமான வேகத்தில் ஓட்டுதல் போதுமானது. ஓட்டமே எந்திரத்தை விரைவிற் சூடேற்றும். டீசல் வண்டியாயின் முன்சூட்டு விளக்கு அணையும்வரை காத்திருந்து இயக்க வேண்டும். வண்டிக் கையேடு பரிந்துரைக்கும் எண்ணெயையே இடவேண்டும். கடைத்தெரு, மருந்தகம், பள்ளி என மும்முறை செல்வதை ஒரே பயணமாக இணைத்தால், மூன்று குளிர்ந்த தொடக்கங்கள் ஒன்றாகக் குறையும். இயன்றவர் அத்தொலைவை நடந்தே கடக்கலாம்.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. மலை தாங்கும் அளவுக்கும் எல்லை உண்டு என்பதை அது நமக்கு உணர்த்திற்று. வண்டிகளின் எண்ணிக்கையை ஆணையால் வரையறுக்கலாம். நிற்கும் வண்டியின் எந்திரத்தை அணைக்கும் பண்பு நம்மிடமிருந்தே வரவேண்டும்.

உளூச் செய்வோர் ஓடும் ஆற்றின் கரையில் இருப்பினும் நீரை வீணாக்கலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கியதாக நாம் கேட்டு வளர்ந்த அறிவுரை. ஆற்று நீர் மழையால் மீண்டும் வரும். நிலத்தடியில் பல கோடி ஆண்டுகள் கிடந்து உருவான எரிநெய்யோ, எரிந்தபின் நம் காலத்தில் மீண்டும் வாராது. கல்விச் சுற்றுலாவாக அம்மலைக்குச் செல்லும் நம் மாணவர்கள், காலைப் பனியில் காத்து நிற்கும் வண்டியின் எந்திரத்தை அணைத்து வைக்குமாறு ஓட்டுநரிடம் பணிவுடன் சொல்வார்களாயின், இக்கட்டுரையின் பயன் கிட்டியதென்று நாம் மகிழ்வோம்.