கைதட்டினாலும் அசையாத எண்

கேள்வி: அர்டுயினோ ஊனோவுடன் மேக்ஸ்4466 மைக் ஆம்ப்ளிஃபையர் போர்டை இணைத்திருக்கிறேன். கைதட்டினாலும் திரையில் 338-ஐ ஒட்டியே எண் வருகிறது. போர்டு போய்விட்டதா?

பதில்: அவசரப்பட்டுத் தூக்கிப் போடாதீர்கள். போர்டுக்கு 3.3 வோல்ட் கொடுத்திருப்பீர்கள். அந்த 338-ஏ அதைச் சொல்லிவிடுகிறது. சத்தம் இல்லாதபோது வெளியீடு சப்ளையில் சரிபாதியில், அதாவது 1.65 வோல்ட்டில் நிற்க வேண்டும். 5 வோல்ட்டை 1023 என்று எண்ணும் ஊனோவுக்கு அது 338. பூஜ்யத்திலோ 1023-லோ ஒட்டிக்கொண்டிருந்தால்தான் வயரையும் சால்டரிங்கையும் சந்தேகிக்க வேண்டும்.

என் சந்தேகம் உங்கள் புரோகிராம் மீது. ஒரு தடவை படித்துவிட்டு அரை நொடி டிலே வைத்திருக்கிறீர்களா? (இணையத்தில் கிடைக்கும் மாதிரிகள் பலவும் அப்படித்தான்.) கைதட்டல் அதற்குள் வந்து போய்விடும். 50 மில்லி நொடிக்கு இடைவிடாமல் படித்து, அதில் மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறியதைக் கழியுங்கள். அந்த வித்தியாசம்தான் சத்தத்தின் அளவு.

அதுவும் சிறிதாகவே வந்தால், போர்டின் பின்பக்கம் இருக்கும் குட்டித் திருகைச் சின்ன ஸ்க்ரூடிரைவரால் மெதுவாகத் திருப்புங்கள். பெருக்கம் 25 மடங்கிலிருந்து 125 மடங்கு வரை போகும். முனைக்கு வந்தபின் அழுத்தினால் உடைந்துவிடும்.

அப்படியும் அசையவில்லையா? மைக்கின் இரு கால்களுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சப்ளையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டினால் நல்லது. முழு சப்ளையும் காட்டினால் மைக்கோ அதன் சால்டரிங்கோ விட்டிருக்கிறது. பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ஷார்ட்.