நல்ல சமாரியனும் முதலுதவியும்



நல்ல சமாரியன் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டினான். அக்காலத்துச் சிகிச்சை அவனுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியுமா?

வினா: 108-ஐ அழைத்தால் போதாதா?

விடை: முதலில் அழைக்க வேண்டியது அதுவே. 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் அந்த ஆம்புலன்சில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் வருகிறார். ஆனால் அண்ணா சாலை நெரிசலைத் தாண்டிச் சைதாப்பேட்டைச் சந்துக்குள் வண்டி வந்து சேரும்வரை உள்ள நிமிஷங்கள் நம் பொறுப்பு.

வினா: அதுவரை செய்யத்தக்கது என்ன?

விடை: இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துக. கழுத்திலோ முதுகிலோ அடிபட்டவரை அநாவசியமாய் அசைக்கலாகாது. பெரியவர் ஒருவர் மூர்ச்சித்து மூச்சற்றுக் கிடந்தால், நடுமார்பு 5 சென்டிமீட்டராவது அமிழும்படி, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துக. வாசிப்பதால் மட்டும் இதற்குக் கை பழகாது. பொம்மையின்மேல் பயில வேண்டும். செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் சங்கமும் முதலுதவி கற்பிக்கின்றன.

வினா: போலீசு, கோர்ட்டு என்று அலைய நேரிடாதா?

விடை: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவரை ‘நல்ல சமாரியன்’ என்றே அழைத்துப் பாதுகாக்கிறது.

ஆகையால் வீட்டுக்கு ஒருவராவது இப்பயிற்சி பெறுவாராக. திடீரென இருதயம் நின்று விழுகிறவர்களில் அநேகர் வீதியில் அல்ல, தங்கள் வீட்டிலேயே விழுகிறார்கள்.