பால் கொடுத்த மரத்தில் ஒரு கால்மணை

மலேசியாவில் மரவேலை பழகத் தொடங்குபவரின் கைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் ரப்பர் மரப் பலகைதான். விலை அதிகமில்லை; இழைத்து, ஒட்டி, பலகையாகவே கடையில் கிடைக்கும். வெளிர்மஞ்சள் நிறமுள்ள இந்தப் பலகையில் வீட்டிலுள்ள ஒருவருக்குப் பரிசு செய்ய நினைக்கும் மாணவர், முதலில் அந்த மரத்தின் கதையைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. அக்கதையின் பாதி பல குடும்பங்களில் தாத்தா பாட்டியிடமே இருக்கிறது.

1877ஆம் ஆண்டில் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து மக்கள் வந்தனர். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, நிரை பிடித்துப் பால் வெட்டினர். பால் வெட்டுவது எளிய வேலையன்று. பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆனால், அதற்கு உள்ளேயுள்ள கட்டையில் கத்தி படக்கூடாது. பட்டால் மரம் காயப்படும். அவ்விடத்தில் பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாகிவிடும். எனவே, பல்லாண்டுகள் பால் வெட்டிய ஒருவருக்கு, அந்தக் கட்டையைத் தொடாமல் இருப்பதே கைத்திறனாக இருந்தது. மரத்தின் வெளிப்புறத்தை இருட்டிலும் தடவி அறிந்தவர்கள், அதன் உட்புறத்தை அதிகம் பார்த்ததில்லை.

ரப்பர் மரம் ஏறத்தாழ 25 முதல் 30 ஆண்டுகள் வரை பால் கொடுக்கும். பிறகு அதை வெட்டிவிட்டுப் புதிய கன்று நடுவார்கள். வெட்டிய மரம் நெடுங்காலம் விறகாகவே எரிந்தது. அதில் மாவுச்சத்து மிகுதி. ஆகவே, பூஞ்சையும் துளைக்கும் வண்டும் விரைவிலேயே அதைத் தாக்கும். அறுத்த பலகையில் உடனே மருந்தேற்றி, சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகுதான் நிலைமை மாறியது. 1980களிலிருந்து ரப்பர் மரம் மலேசிய மரச்சாமான் தொழிலின் முக்கிய மூலப்பொருளாயிற்று. இன்று ஜொகூரின் மூவார் வட்டாரத் தொழிற்சாலைகளிலிருந்து ரப்பர் மர நாற்காலிகளும் மேசைகளும் பல நாடுகளுக்குச் செல்கின்றன.

இனிப் பரிசுக்கு வருவோம். தொடக்கநிலையில் இருப்பவர் நகைப்பெட்டி, செதுக்குச் சிற்பம் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால், அலங்காரப் பொருள் பெரும்பாலும் கண்ணாடி அலமாரிக்குள் போய் உட்கார்ந்துவிடும். நாள்தோறும் பயன்படும் எளிய பொருளே மேல். எடுத்துக்காட்டாக, ஒரு கால்மணையைக் கொள்ளலாம். வயதானவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமரும்போது, பாதம் தரையில் படியாமல் தொங்குவதுண்டு. நீண்ட நேரம் அப்படி இருந்தால் தொடையின் அடிப்பகுதி அழுந்தும், கால் மரத்துப்போகும். பாதத்தைத் தாங்க ஒரு மணை இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

மணையின் உயரத்தை எந்தப் படத்தையும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பாட்டி வழக்கமாக அமரும் நாற்காலியில் அவரை அமரச் செய்து, பாதத்தின்கீழ்ப் புத்தகங்களை ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். முதுகு நாற்காலியில் சாய்ந்து, தொடை சமமாக இருக்கும் நிலை வந்ததும் அடுக்கின் உயரத்தை அளந்துகொள்ளலாம். பரிசு என்று முன்கூட்டியே தெரியக்கூடாது என்றால், பேரப்பிள்ளைகளின் விளையாட்டுபோல இதைச் செய்துவிடலாம். பாட்டிமார் இதற்கெல்லாம் இணங்குவர். அடுக்கு 17 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேற்பலகையின் தடிப்பு 1.8 செ.மீ. என்றால், பக்கப்பலகை 15.2 செ.மீ. இருக்க வேண்டும். இந்தக் கழித்தலை மறந்து, மணையை உயரமாகச் செய்துவிடுபவர்கள் பலர்.

கால்மணைக்குத் தேவையானவை ஒரு மேற்பலகை, இரண்டு பக்கப்பலகைகள், அவற்றை இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டம், மூலைகளுக்கு இரண்டு சிறு சட்டங்கள் ஆகியவை மட்டுமே. மேற்பலகை 40 செ.மீ. நீளமும் 22 செ.மீ. அகலமும் இருந்தால் இரண்டு பாதங்களும் தாராளமாக அமரும். பக்கப்பலகைகளை மேற்பலகையின் ஓரத்திலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளக்கூடாது. அப்படித் தள்ளினால், யாராவது ஓரத்தில் மிதிக்கும்போது மணை குப்புறக் கவிழும். 3 செ.மீ. இடைவெளி போதும்.

அறுப்பதற்கு முன் கவனிக்க வேண்டியது நாரின் ஓட்டம். இதில்தான் மணையின் பலம் அடங்கியிருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்களின் கட்டு. ஈர்க்குக் கட்டை நினைத்துக்கொள்ளலாம்: குறுக்கே ஒடிப்பது கடினம், ஈர்க்குகளைத் தனித்தனியே பிரிப்பது எளிது. விறகு பிளப்பவரும் கோடரியை நார் ஓடும் திசையிலேயே இறக்குகிறார். பக்கப்பலகையில் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும். பலகையை மிச்சப்படுத்த எண்ணி அதைக் கிடைவாக்கில் அறுத்துவிட்டால், பார்வைக்கு வேறுபாடு தெரியாது. ஆனால், பாரம் ஏறும்போது கால் நார்வழியே பிளந்துவிடக் கூடும். அந்நேரம் அதன்மேல் நிற்பவர் எழுபது வயதுப் பாட்டியாக இருந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கால் வைக்கச் செய்த மணைமேல் ஏறி நின்று அலமாரியில் எதையாவது எடுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். செய்பவர் அதையும் எதிர்பார்த்தே செய்ய வேண்டும்.

கோட்டை மூலைமட்டம் வைத்துப் போட வேண்டும். ரம்பம் தானும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மரத்தைத் தின்னும். ஆதலால், கோட்டின்மேல் அறுக்காமல், கழிக்கப்போகும் பக்கத்தில் கோட்டை ஒட்டி அறுக்க வேண்டும். இரண்டு பக்கப்பலகைகளையும் சேர்த்து வைத்து, உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு விரலுக்குத் தெரியும்.

பக்கப்பலகையின் மேல் முனையில் நார்களின் வெட்டுவாய் இருக்கும். அது பசையை உறிஞ்சிக்கொள்வதால் வெறும் பசை அங்கே நிற்காது. எனவே, உட்புற மூலையில் 2 செ.மீ. தடிப்புள்ள சிறு சட்டம் ஒன்றை வைத்து, அதன் வழியாக மேற்பலகைக்கும் பக்கப்பலகைக்கும் திருகாணி போட வேண்டும். திருகாணியின் நீளம் 3 செ.மீ. இருக்கலாம். 4 செ.மீ. என்றால் முனை மறுபுறம் எட்டிப் பார்த்துவிடும். ரப்பர் மரம் கெட்டியானது. திருகாணிக்கு முன்னதாகச் சிறு துளை போடாவிட்டால் ஓரம் வெடிக்கும். துளைப்பொறியை இயக்கும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருப்பதும், கண்ணாடி அணிவதும் கட்டாயம்.

சட்டத்தைப் பசை தடவி ஒட்டவும் கூடாது. மரம் ஈரக்காற்றில் விரியும், வறண்ட அறையில் சுருங்கும். அதுவும் அகலவாக்கில்தான், நீளவாக்கில் மிகச் சொற்பம். மழைமாதத்தில் ஓர் அளவும், குளிரூட்டிய அறையில் ஓர் அளவுமாக 22 செ.மீ. பலகை சிறிது அசையும். குறுக்கே ஒட்டிய சட்டம் அந்த அசைவைத் தடுத்தால், பலகை எங்கேனும் வெடித்துத் தன் வழியைத் தேடிக்கொள்ளும். ஆகவே, நடுவிலுள்ள திருகாணியை இறுக்கமான துளையிலும், இருபுறமுள்ளவற்றைச் சட்டத்தில் சற்று அகலமான துளையிலும் பொருத்துவது தச்சர்களின் வழக்கம். குறுக்குச் சட்டத்தைப் பக்கப்பலகைகளின் வெளிப்புறத்திலிருந்து இவ்விரண்டு நீளமான திருகாணிகளால் இணைத்துவிடலாம்.

உப்புத்தாள் தேய்ப்பதில்தான் பொறுமை கைவிடும். முதலில் 80ஆம் எண், பிறகு 120, கடைசியில் 180 என்று நார் ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். தூசி மூக்கில் ஏறாதிருக்க முகக்கவசம் தேவை. ஓரங்களையும் முனைகளையும் உருட்டிவிடுவது அழகுக்காக மட்டுமன்று. நீரிழிவு உள்ளவர்கள் சிலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். சிராய் குத்தினாலும் அவர்கள் உணரமாட்டார்கள். சிறிய புண்ணும் ஆறாமல் பெரிதாகலாம். செய்து முடித்த மணைமேல் பழைய நைலான் காலுறை ஒன்றை இழுத்துப் பார்த்தால், எங்கே சிராய் இருக்கிறதோ அங்கே நூல் மாட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் மாட்டினாலும் தேய்ப்பு முடியவில்லை.

பளபளக்கும் வார்னிஷைவிட, மங்கலான பூச்சை மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே நல்லது, கால் வழுக்காது. அடியில் நான்கு மூலைகளிலும் ரப்பர்த் துண்டுகளை ஒட்டிவிட்டால் மணை தரையில் நகராது. மேலே அந்த மரம், கீழே அதன் பால். இதைப் பாட்டியிடம் விளக்கத் தேவையிராது. பலகையின் ரேகையைத் தடவிக்கொண்டே அவர் எந்தத் தோட்டம், எத்தனை நிரை, எத்தனை மங்கு என்று தொடங்கிவிடக் கூடும்.

மணை புதிய அறையின் காற்றுக்குப் பழகும்போது திருகாணிகள் சிறிது தளரும். கொடுத்த ஒரு மாதம் கழித்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு இன்னொரு முறை போய் அவற்றை இறுக்கிவிட்டு வர வேண்டும்.